நூற்றிருபத்தொன்று

இரவு செருகிவிட்டுப் படுத்தேன்.
விடிய நூறு வீதம். அது வழமை.
பக்கத்தில் 121 கிலோமீட்டர் என்றிருந்தது.
அது வழமை இல்லை.

ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்து விற்ற கார்.
பெட்டரியின் பன்னிரண்டு கட்டத்தில்
மூன்று எப்போதோ அணைந்துவிட்டது.
எவ்வளவு ஊட்டினாலும்
தொண்ணூற்றெட்டுக்கு மேல் சொல்லாது.
களுவாஞ்சிக்குடியிலிருந்து அம்பாறைக்குப் போய்
நீர்ப்பாசனக் கந்தோரில் கோப்புகளோடு மல்லுக்கட்டித்
திரும்பி வர எண்பது.
மிச்சப் பதினெட்டுக்குள்தான்
என் மழை, என் மறதி,
கல்முனைச் சந்தையடியில் மீனுக்கு ஒரு கிறுகல்.

ஒரே இரவில் இருபத்து மூன்று
எங்கிருந்து முளைத்தது?

வாழைச்சேனையில் இந்தக் கார்களைக் கழற்றிப் பூட்டும்
றிஸ்மி ஒருதரம் சொன்னான்:
"மெடம், பெட்டரி பேசுறது வீதத்த மட்டும்தான்.
கிலோமீட்டர் எண்டுறது
கடைசியா ஓடினவர்ர காலப் பாத்து
கார் போடுற கணக்கு.
நேத்து மிதிச்சா இண்டைக்குக் குறையும்.
நேத்துத் தடவினாக் கூடும்.
நாளைக்கு நீங்க எப்பிடி ஓடுவீங்க எண்டு
அதுக்கென்ன தெரியும்?"

கடைசியாக ஓடியது நானில்லை.
நேற்று நான் தங்கச்சி வீட்டில்.

"காரத் தொட்டீங்களா?"
தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு
"சும்மா, ஒழுங்கைக்குள்ள" என்றார்.

ஒழுங்கைக்குள் ஒன்பது கிலோமீட்டர்!
அதுவும் இவர்.
ஏ.சியைப் பதினெட்டில் வைத்து
முன்னால் போகும் பஸ்ஸைப் பகையாளி போல் துரத்துகிறவர்.
இவர் ஓடிய மறுநாள்
எண்பத்தொன்பதுதான் காட்டும் எனக்கு.

வைப்பருக்கடியில் விரலை விட்டேன்.
நாலைந்து நெற்பொரி.

கனகசூரியம் செத்தது ஊருக்கே தெரியும்.
வங்கிக் கடனுக்கு இவரைக் கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டுக்
கட்டாமல் போன கனகசூரியம்.
ஆறு வருஷம் இவர் சம்பளத்தில் வெட்டினார்கள்.
அந்தப் பெயரைச் சொன்னால்
கறியில் உப்பில்லை என்பார்.

"நடக்க ஏலுமெண்டா நடந்திருப்பன்" என்றார்
முழங்கால் தையலைத் தடவி.
"கடைசியா, எல்லாருக்கும் பின்னால போனன்.
உள்ளுக்குக் குளிர் போட்டுக்கொண்டு
பிரேதத்துக்குப் பின்னால போறது சரியில்லத்தானே.
கண்ணாடிய இறக்கிவிட்டன்."

பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
மிச்சத்தைக் கார் சொன்னது.
முன்னே பறைமேளம்,
அதற்குப் பின்னே சத்தமே இல்லாத ஒரு வாகனம்.
வெள்ளைத் துணியை விரித்து, எடுத்து,
ஓடிப்போய் மறுபடி விரிக்கிறவர்களுக்காக
நின்று, ஊர்ந்து, நின்று.
சவக்காலைச் சந்தி வரை
ஒருதரமாவது அழுத்தி மிதிக்காத கால்.
உலகத்தில் இனி எல்லாரும்
இந்த வேகத்தில்தான் போவார்கள் என்று
நம்பிவிட்டது பாவம், இரவு முழுக்க நிறைந்தபடி.

ஏழு மணிக்கே கச்சான் காற்று அடுப்பாய் ஊதிற்று.
கல்முனை வரை ஏ.சி போடவில்லை.
முப்பத்தைந்தில் போனேன்,
பின்னால் ஒரு நெல் லொறி
என் பரம்பரையையே ஹோர்னில் திட்டியது.
காரைதீவுச் சந்தியில் திரும்பும்போது கந்தோர் நேரம் கழுத்தைப் பிடித்தது.
மிதித்தேன்.
சம்மாந்துறை வயல் தாண்டுமுன்
அவருடைய கிலோமீட்டர்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து
என்னுடைய எண் வந்துவிட்டது.

பின்னேரம் பதினொன்றோடு வீடு சேர்ந்தேன்.
செருகினேன்.
"எவ்வளவு காட்டும் நாளைக்கு?" என்று கேட்டார்,
ஒருநாளும் கேட்காதவர்.
"தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு."
"ம்."

சனிக்கிழமை எட்டு.
அன்றைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.
வெள்ளி இரவே நிறைத்துவிட்டு
சாவியை ஆணியில் கொழுவி வைப்பேன்.
அம்பாறைக்கு ஆறே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது.